நர்ஸம்மாவின் கியர் குமிழ்

அறுபதுகளில் தென்காசியில் இரண்டே வகை மனிதர்கள்தான் இருந்தார்கள். நர்ஸம்மா கையில் பிறந்தவர்கள், நர்ஸம்மா காருக்குப் பயந்து சாக்கடையில் இறங்கியவர்கள். நான் இரண்டாவது வகை. போதாததற்கு அவருக்கு அடுத்த வீடு.

வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். அதற்கென்று ஒரு பழைய சின்னக் கார். அதன் கியர் கம்பியின் தலையில் இருந்த குமிழ் விண்டுவிட்டது. அடியில் கம்பியைச் சுற்றி மூடியிருந்த ரப்பர் உறையும் கிழிந்து, ஆனிச் சாரலில் ரோட்டுத் தண்ணீரெல்லாம் காருக்குள் பீய்ச்சியடித்தது. மதுரையிலிருந்து புதுசு வந்ததும், "ஒர்க்‌ஷாப்புல விட்டிரலாமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏன் தம்பி, புள்ளையே வீட்டுல வச்சுப் பெத்துக்கிடுதாவ. ஒரு குமிழ மாத்த ஒர்க்‌ஷாப்பா? வாரும், வந்து கம்பியப் பிடியும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். உறையிலிருந்து கழற்றிய நாலு ஸ்க்ரூவையும் முதலில் கொதிக்கிற வெந்நீரில் போட்டார். பழக்கம்! பழைய குமிழுக்குச் சுடுதுணி ஒத்தடம் கொடுத்துத் திருகி எடுத்தார். புது உறையின் வாய்க்குள் கம்பி நுழைய மறுத்தது. சோப்புத் தண்ணீர் தடவி, "மெள்ள... மெள்ள... பதறாத... அங்கனதான், தலை தெரியுது!" என்று காரிடம் பேசினார்.

கம்பியின் தலை வெளியே வந்த அதே நேரம், இலஞ்சியிலிருந்து என் மச்சினன் சைக்கிளில் வந்து விழுந்தான்.

"அத்தான், அக்காவுக்கு வலி எடுத்துட்டு!"

தாய்வீடு போயிருந்த என் மனைவிக்குத் தலைப்பிரசவம். பத்து நாள் முன்னதாகவே. எனக்குக் கை கால் ஓடவில்லை.

"ஏறும்" என்றார் நர்ஸம்மா.

"குமிழ் இன்னும் மாட்டலியே!"

"கம்பி இருக்குல்லா?"

ஸ்க்ரூ, திருப்புளி, புதுக் குமிழ் எல்லாவற்றையும் அள்ளிக் காருக்குள் போட்டுக்கொண்டு ஏறினேன். மொட்டைக் கம்பியைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்து கியர் போட்டார். ஸ்க்ரூ முடுக்காத உறையைத் தரையோடு அமுக்கிப் பிடித்தபடி நான் குனிந்திருந்தேன். ஒவ்வொரு கியருக்கும் அவர் முழங்கை என் மண்டையில் ஒரு குட்டு வைத்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வாளிச் சேறு முகத்துக்கு வந்தது. மேலகரம் தாண்டுவதற்குள் எனக்கு எல்லா கியரும் மனப்பாடம்.

வாசலில் என் மாமியார் என்னைப் பார்த்து, "கிளீனரையுமா கூட்டிட்டு வந்திய?" என்று கேட்டார்.

உள்ளே அவளுடைய முனகல் கேட்டது. நான் கதவுக்கும் முற்றத்துக்குமாக அலைந்தேன். நர்ஸம்மா தலையை மட்டும் நீட்டினார்.

"தரையத் தேய்க்காதேயும். நான் என் வேலையப் பாக்கேன், நீரு போயி அந்த ஸ்க்ரூவ முடுக்கும்."

போனேன். ஒரு ஸ்க்ரூ முடுக்குவதற்குள் மூன்று தடவை திருப்புளி நழுவியது. உள்ளே அவள் அலறும்போதெல்லாம் நானும் பல்லைக் கடித்துத் திருகினேன். கடைசியாகக் குமிழை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் அடங்கிப்போனது. அந்த அமைதியில் எனக்கு உயிரே இல்லை. பிறகு சின்னதாக ஓர் அழுகை.

கையைத் துடைத்தபடி வந்த நர்ஸம்மா நேராகக் காருக்குள் குனிந்து, கியரை நாலு பக்கமும் அசைத்துப் பார்த்தார்.

"இது ஆடல. பொட்டப்புள்ள. தாயும் சுகமா இருக்கா."

அங்கேயே, சேற்றோடு சேற்றாக உட்கார்ந்து அழுதேன். அவர் பார்க்காத மாதிரி ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கழித்து அந்தக் காரில் குற்றாலம் போனோம். அன்று நான் முடுக்கிய நாலு ஸ்க்ரூவும் கோணல்மாணலாகப் பல்லிளித்தன.

"இதச் சரியா முடுக்கித் தரட்டா அக்கா?"

என் மடியில் தூங்கும் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கை வச்சீருன்னா பாத்துக்கிடும்" என்றார் நர்ஸம்மா.