பெடலுக்கு முட்டுக் கொடுத்த கரும்பு

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. காரோட முன்சக்கரத்து பிரேக் காலிப்பரைக் கழட்டி, திருப்பதியில மெக்கானிக்கிட்ட கொடுத்து, சரி பண்ணி வாங்கிட்டு வந்து மாட்டணும். அவ்வளவுதான்.

காலிப்பர்னா பயப்படாதீங்க மக்களே. பிரேக்கை மிதிச்சா சக்கரத்துத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்குமே, அந்த இரும்புக் கவ்வி. எங்க கார்ல அது ஒரு தடவை பிடிச்ச பிடியை விடவே இல்ல. எங்க அம்மா மாதிரி.

என்ன அவசரம்னு கேளுங்க. மறுநாள் காலையில எங்க நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, திருப்பதியில கண் ஆபரேஷன். புரை. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தேதி கொடுத்தாங்க. ரெண்டு தடவையும் ரத்தத்தைப் பார்த்துட்டு, "சுகர் ஏறிக் கிடக்கு, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

அதனால இந்தத் தடவை அம்மா களத்துல இறங்கிட்டாங்க. ஒரு மாசமா கேழ்வரகுக் களி, கீரை, கசக்கற கஷாயம். வெல்ல டப்பாவுக்குப் பூட்டு. சாவி தாலிச் சரட்டுல.

ஆபரேஷன் முடிஞ்சு கண்ணுல கட்டோட மனுஷனை பஸ்ல தூசியில கூட்டிட்டு வர முடியுமா? "நான் கார்ல கூட்டிட்டுப் போறேன் நைனா"ன்னு வாக்குக் கொடுத்துட்டேன். வாக்குக் கொடுத்த மூணாவது நாள் சக்கரம் ஜாம்.

மெக்கானிக் ரமணாவுக்கு போன் போட்டேன்.

"வண்டியை ஓட்டிக்கினு வராதீங்க மேடம். காலிப்பரை மட்டும் கழட்டி எடுத்துக்கினு வாங்க. கானி, ஆயில் ஒக்க சொட்டு கூட போகக் கூடாது. மேல ஆயில் டப்பா காலியாச்சுன்னா லைன் பூரா காத்து பூந்துடும். நான் வந்துதான் காத்து எடுக்கணும். ரேப்பு நான் ஊர்லயே இல்ல!"

கானின்னா ஆனா, ரேப்புன்னா நாளைக்கு. நைனாவோட ஆபரேஷன் நாள்.

நான் ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சர். எட்டாம் கிளாஸ் பசங்களையே சமாளிக்கறவளுக்கு ஆயில் எம்மாத்திரம்? வீடியோ பார்த்தேன். வழி ரொம்ப சுலபம். பிரேக் பெடலைக் கொஞ்சம் அமுக்கி, அந்த இடத்துலயே நிக்கற மாதிரி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துடணும். டப்பாவுல இருந்து ஆயில் இறங்கற ஓட்டை மூடிக்கும். கீழ பைப்பைக் கழட்டினாலும் ஒழுகாது.

எவ்வளவு அமுக்கணும்? தமிழ் வீடியோவுல ஒரு இஞ்ச்ன்னு சொன்னாரு. தெலுங்கு வீடியோவுல ரெண்டு இஞ்ச். நாங்க தமிழ், தெலுங்கு ரெண்டுக்கும் நடுவுல எல்லை பிரிச்ச ஊர்க்காரங்க. எந்தப் பக்கத்து மனசும் நோகக் கூடாது. நான் ஒன்றரைன்னு முடிவு பண்ணினேன்.

குச்சி? தொடப்பக் கட்டையோட பைப் வளைஞ்சுது. குடையை வெச்சேன், பட்டுன்னு விரிஞ்சு என் மூக்குக் கண்ணாடியைத் தட்டி விட்டுது. அப்பதான் வாசல்ல பார்த்தேன். ஃபேக்டரிக்குப் போற டிராக்டர்ல இருந்து சரிஞ்ச கரும்பு ரெண்டு வேலியோரமா கிடந்துச்சு. நேரா இருக்கு, பலமா இருக்கு, அருவாளால வெட்டினா வேணுங்கற அளவு கிடைக்கும். ஆஹா!

முதல் துண்டு நீளம். ரெண்டாவது துண்டு குட்டை. மூணாவது துண்டு, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல கச்சிதமா உட்கார்ந்துச்சு. கணக்கு டீச்சர்னா சும்மாவா! மிச்ச ரெண்டையும் பக்கத்து சீட்டுல போட்டேன்.

அப்புறம் ஜாக்கி, சக்கரம், போல்ட்டு. பைப்பைக் கழட்டினேன். நாலே சொட்டு. நின்னுடுச்சு! கூடுதல் பாதுகாப்புக்கு பைப் முனையில ஒரு திருப்பதி லட்டு கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன். நம்ம ஊர்ல ஒரு வீட்டுல மத்த சாமான் இல்லாம இருக்கலாம், லட்டு கவர் இல்லாம இருக்காது.

காலிப்பரைப் பேப்பர்ல சுத்தி, கூடையில வெச்சு, வடமாலபேட்டையில பஸ் ஏறினேன். அதுக்குள்ள மிச்சம் இருந்த ஆயில் கசிஞ்சு, கூடையில இருந்து சொட்ட ஆரம்பிச்சுது.

பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா காலை இழுத்துக்கிட்டாங்க. "ஏம்மா, சாமி மலைக்குப் போற பஸ்ல கறி எடுத்துக்கினு வரியே, நல்லாக்கீதா?"

"கறி இல்லம்மா. பிரேக்கு."

கண்டக்டர் காதுல விழுந்துடுச்சு. கூடையை எட்டிப் பார்த்தாரு. முகம் மாறிடுச்சு. முன்னாடி திரும்பி டிரைவர்கிட்ட கத்தினாரு: "அன்னா, மனதி உந்தா?"

நம்மளோடது இருக்குதான்னு கேக்கறாரு. டிரைவர் பிரேக்கை ஒரு தடவை மிதிச்சுக் காட்டினாரு. நின்னுக்கிட்டிருந்தவங்க எல்லாரும் சரிஞ்சு வந்து என்னைக் கட்டிப்பிடிச்சாங்க.

ரமணா காலிப்பரைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, புது ரப்பர் போட்டாரு.

"ஆயில் மேடம்?"

"ஒக்க சொட்டு கூட போகல." காலரைத் தூக்கி விட்டுக்கணும் போல இருந்துச்சு. புடவையில காலர் இல்ல.

"முட்டு எதுல கொடுத்தீங்க?"

"கரும்பு."

ரமணா ஸ்பேனரைக் கீழ வெச்சாரு. "இன்ட்லோ பிள்ளலு இருக்காங்களா?"

"எங்க வீட்டுல சின்னப் பசங்களே கிடையாது"ன்னு பெருமையா சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். காருக்கு அடியில பார்த்தேன். லட்டு கவர் நிறைஞ்சு, இளநீர் மாதிரி தொங்குது. அது தாங்காம வழிஞ்சது தரையில குட்டை கட்டி நிக்குது. மேல டப்பாவைத் திறந்தேன். துடைச்சு வெச்ச மாதிரி காலி.

கார் கதவைத் திறந்தேன். பெடல் தேமேன்னு மேல நிக்குது. கரும்பைக் காணோம். பக்கத்து சீட்டுத் துண்டு ரெண்டும் காணோம். டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒரு குவியல் சக்கை.

"நைனா!"

கதவோரம் நிழல்ல கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாரு. வாயைத் துடைச்சிக்கிட்டாரு.

"இன்னா பாப்பா?"

"கார்ல கரும்பு வெச்சிருந்தேனே!"

"நீ பாட்டுக்கு லைட்டைப் போட்டுட்டுப் போயிட்ட. பின்னாடி செவப்பா எரிஞ்சிக்கினே இருந்துச்சி. பேட்டரி போயிடப் போவுதேன்னு அணைக்கப் போனேன். ஸ்விச்சு ஒண்ணும் ஆம்புடல. பார்த்தா, இந்தக் கரும்பு பிரேக்க மிதிச்சிக்கினு கீது. புடுங்கினேன். லைட்டு நின்னுச்சி."

பெடலை அமுக்கினா பின்னாடி பிரேக் லைட் எரியும். எட்டாம் கிளாஸ் பசங்களுக்குக் கூடத் தெரியும். எனக்குத் தோணல.

"சரி, லைட்டு நின்னுச்சு. கரும்பு?"

"கையில கீது. தூக்கிப் போட மனசு வருமா? ஒரு மாசமா களி துன்னுக்கினு கீறேன்!"

"மூணு துண்டும்?"

"முதல் துண்டு துன்ன பின்னாடிதான் பாப்பா பசியே எடுத்துச்சி."

"கண்ணு தெரியலன்னுதானே ஆபரேஷன்? எரியற லைட்டு தெரியுது, சீட்டுல கிடக்கற கரும்பு தெரியுது!"

"கரும்பு எங்க தெரிஞ்சுது? வாசனை வந்துச்சி."

அப்பதான் எனக்கு அந்த லட்டு கவர் ஞாபகம் வந்துச்சு. "நைனா, கீழ கவர்ல சாறு மாதிரி தொங்குதே, அதைத் தொடலையே?"

"மோந்து பார்த்தேன். நாத்தம் அடிச்சுது. உட்டுட்டேன்."

பிரேக் ஆயில் விஷம் மக்களே. கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். அவரு கை பிசுபிசுன்னு ஒட்டுச்சு.

அம்மா வெளிய வந்தாங்க. சக்கையைப் பார்த்தாங்க. நைனாவைப் பார்க்கல. என்னைத்தான் பார்த்தாங்க.

"வெல்லத்தைப் பூட்டி சாவியைக் கழுத்துல மாட்டிக்கினு நான் ஒரு மாசமா தூங்கல. நீ கரும்பை அளவெடுத்து வெட்டி, சீட்டுல போட்டு வெச்சிட்டுப் போயிருக்கியா?"

மூணு அளவுல வெட்டினேங்கறதை மட்டும் மறைச்சுட்டேன்.

மறுநாள் பஸ்லதான் போனோம். அதே கண்டக்டர். என் கையைப் பார்த்தாரு, காலி. நிம்மதியா டிக்கெட் கிழிச்சாரு.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா விரல்ல குத்திப் பார்த்தாங்க. மெஷினைத் தட்டி, இன்னொரு தடவை குத்தினாங்க. "ஏம் தின்னாவு தாத்தா?" என்ன தின்னேன்னு கேட்டாங்க.

நைனா தயங்கவே இல்ல. என் பக்கம் கையைக் காட்டினாரு. "இதுதான் வெட்டிக் கொடுத்துச்சி."

வரிசையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. கண்ணு தெரியாதவங்க கூட.

இப்போ அடுத்த தேதி கிடைச்சிருக்கு. ரமணா ஊர்ல இருந்து வந்து காத்து எடுத்துட்டாரு. கார் ஓடுது. அடுத்த பக்கத்துக் காலிப்பரும் லேசா இறுகுதாம், அதையும் கழட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. இந்தத் தடவை நான் உஷார். பெடல் ஒன்றரை இஞ்ச் இறங்கற அளவுக்கு வேப்பங்குச்சி ஒண்ணு வெட்டி பெடலுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்து, கார்லயே வெச்சிருக்கேன். கசப்பு. யாரு துன்னுவாங்க?

இன்னைக்குக் காலையில பார்த்தேன், ஒரு முனையை மென்னு நைனா பல்லு விளக்கியிருக்காரு.