மன்னர் தொடங்கிவைத்த மாதிரி விமானம்

மேகவரம்பு நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் எலுமிச்சம்பழம் வைத்துத் தொடங்கிவைத்த பொருளில் அதற்குப் பிறகு யாரும் கைவைக்கக் கூடாது. பாலமானாலும் பள்ளிக்கூடமானாலும் அன்றோடு அது நிறைவுபெற்றுவிட்டது.

அந்த நாட்டின் முதல் போர் விமானத்துக்கு ஒரு மாதிரி செய்தார்கள். ஓட்டிப் பார்த்துக் குறைகளைக் கண்டுபிடிக்கத்தான் மாதிரி. மன்னருக்கோ அவசரம், வெள்ளோட்டத்துக்கு முந்தைய நாளே சக்கரத்தடியில் பழத்தை வைத்துவிட்டார். மறுநாள் அதை ஓட்டிய விமானி நன்னாகன், வேகம் கூடியதும் இடப்பக்கம் சாய்கிறது என்று வந்து சொன்னான். விமானத் துறை அமைச்சர் அவனை அன்போடு உட்காரவைத்து, குறை இருந்திருந்தால் மன்னர் தொடங்கிவைத்திருப்பாரா என்று கேட்டார்.

அதே சாய்வோடு நூறு விமானங்கள் செய்ய ஆணை போனது. சாய்ந்து இறங்க வசதியாக ஓடுபாதைகளை இடப்பக்கம் வளைத்தார்கள். அங்கிருந்த வயல்கள் போயின. வயலை இழந்தவர்களுக்கு விமான அணிவகுப்பைப் பார்க்க முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

அணிவகுப்பில் அந்த நூறில் முதல் விமானத்தை ஓட்ட நன்னாகனின் மகள் குமுதியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவன் அமைச்சரிடம் ஓடினான்.

"என் பொண்ணுங்க ஐயா. இறக்கையைச் சரிபண்ணிட்டு ஏத்துங்க."

"சரிசெய்தால், மன்னர் தொடங்கிவைத்தது வேறு விமானம் என்றாகிவிடும். வரலாறு நம்மை மன்னிக்காது, நன்னாகா."

ஆனாலும் அமைச்சர் கல்நெஞ்சர் இல்லை. விமானம் பறக்கையில் பார்வையாளர் அனைவரும் தலையை இடப்பக்கம் சாய்த்தே பார்க்க வேண்டும் என்று அன்றே ஓர் ஆணை போட்டார்.

குமுதி கிளம்பினாள். கூட்டம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கைதட்டியது. விமானம் இனி நிமிராது என்று தெரிந்ததும் நன்னாகன் அதிகாரியின் கையிலிருந்த வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, "குதிச்சிடும்மா" என்றான். விமானம் குன்றில் மோதியது. குமுதி பாராசூட்டில் வந்து இறங்கினாள். கால் ஒடிந்திருந்தது, உயிர் இருந்தது; அவன் வாய்விட்டு அழுதான்.

குறையில்லாத விமானத்தைக் கைவிட்டதாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள். முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். யாரும் மிரட்டவில்லை, அவர்கள் பொய்யும் சொல்லவில்லை. விமானம் நேராகத்தான் போனது, கண்ணால் கண்டோம் என்றார்கள்.

கடைசியாக நன்னாகன் கூண்டில் ஏறினான். இத்தனை பேருக்கு நேராகத் தெரிந்தது உனக்கு மட்டும் எப்படிச் சாய்வாகத் தெரிந்தது என்று நீதிபதி கேட்டார்.

"உள்ள இருந்தது என் பொண்ணுங்க. கழுத்தை நேரா வச்சுத்தான் பாத்தேன்."

குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிபதி எழுதிக்கொண்டார்.