மழைக்கு அப்புறம் வாங்க

ஜுராந்திர் மதியத் தூக்கத்திலிருந்து கண் விழித்தபோது, ஜன்னலுக்கு வெளியே வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி நீலமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கலங்கிப்போனார்.

வேறு ஊராக இருந்தால் நீல வானத்தைப் பார்த்து யாரும் கலங்க மாட்டார்கள். பிரேசிலின் பெலெம் நகரத்தில் விஷயம் வேறு. இங்கே மதியம் கழிந்தால் ஒரு மழை உண்டு. கடிகாரம் பார்த்து யாரையும் வரச் சொல்கிற வழக்கம் கிடையாது. "மழைக்கு முன்னால வா" என்பார்கள், இல்லாவிட்டால் "மழைக்கு அப்புறம் வா" என்பார்கள். பல் பிடுங்குவதும் பெண் பார்ப்பதும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

நேற்று லிந்தால்வாவும் அப்படித்தான் சொன்னாள்.

அவள் எதிர்ச் சாரியில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஆள் படுக்கும் தூளிகளை நெய்து, ஓரத்துக்குக் குஞ்சம் கட்டி விற்கிறாள். கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. ஜுராந்திர் வானொலியில் தினமும் காலையில் பத்து நிமிஷம் 'நம் நாட்டைத் தெரிந்துகொள்வோம்' என்று பேசுகிறவர். ஊரே அவரைத் 'தகவல் அண்ணன்' என்று கூப்பிடும். காலையில் ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச ஆள் கிடையாது. சோற்றுப் பானையிடம் எத்தனை நாள்தான் பேசுவது?

அதனால் மூன்று மாதமாக லிந்தால்வாவின் வாசலில் நின்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கண்டத்தில் பிரேசிலோடு எல்லை சேராத நாடுகள் இரண்டே இரண்டு என்பதில் ஆரம்பித்தார். வடகிழக்கில் ஒரே ஒரு முந்திரி மரம் தோப்பு மாதிரி படர்ந்து கிடப்பதைச் சொன்னார். கடல் அலை எதிர்த்து ஏறி வந்து ஆற்றையே பின்னுக்குத் தள்ளுவதைச் சொன்னார். அங்கிருந்து எப்படியோ சுற்றி வளைத்து, நேற்றுதான் "நீங்களும் நானும் ஒரே வீட்ல இருந்தா என்ன?" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

லிந்தால்வா ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு மழைக்கு அப்புறம் வாங்க. யோசிச்சு வெக்கிறேன்."

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். லிந்தால்வா வீட்டுக்கு நேர் எதிரே தக்கக்கா என்கிற சூடான இறால் சாறு விற்கிற கிரெயுசா, போகிற போக்கில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டாள்.

"கேப்டனும் இன்னிக்கு அதையேதான் கேட்டுட்டுப் போனாருண்ணே. அவர நாளைக்கு மழைக்கு முன்னால வரச் சொல்லியிருக்காங்களாம்."

கேப்டன் அரிஸ்தேயு ஆற்றுப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தொப்பி, அகன்ற தோள், ஆளை அசத்துகிற சிரிப்பு. அவருக்கு ஒரு தகவலும் தெரியாது. ஆனால் ஆற்றைத் தெரியும், அது போதும் என்று நினைக்கிற சுபாவம்.

ஜுராந்திர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். எதிர்பார்த்தது நடந்திருந்தது. லிந்தால்வாவின் வராந்தாவில் கேப்டன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவள்.

மழை வராத வரைக்கும் அது கேப்டனுடைய நேரம். இன்றைக்கென்று பார்த்து மழை வரவில்லை. இப்படியே போனால் கேப்டன் அங்கேயே இருந்து கிழவராகிவிடுவார் என்று ஜுராந்திருக்குத் தோன்றியது.

தூக்கம் என்னவோ அமோகமாக இருந்தது. லிந்தால்வா போன வாரம் கொடுத்த புதுத் தூளி அது. படுத்ததும் உடம்பை வாங்கிக்கொண்டு மெல்ல ஆடியது. கனவில், மராஜோ தீவுப் போலீஸ்காரர்கள் எருமை மேல் ஏறி அவருடைய தகரக் கூரையில் ரோந்து போனார்கள். அந்தத் தீவில் நிஜமாகவே போலீஸுக்கு எருமைதான் வாகனம்; அவரே பலமுறை வானொலியில் சொல்லியிருக்கிறார். நூறு எருமைகள், ஆயிரம் எருமைகள், தடதடவென்று நடந்தன. ஓர் எருமை ஜன்னல் வழியாக மூக்கை நீட்டி அவருடைய இடது காலில் சில்லென்று மூச்சு விட்டது. கூரையின் தடதடச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்ததால் அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

இப்போதும் இடது கால் ஈரமாகத்தான் இருந்தது. தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டிருப்போம் என்று துடைத்துக்கொண்டார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். மாமரங்களுக்கு அடியில் பழங்கள் இறைந்து கிடந்தன. காற்றுக்கு விழுந்திருக்கும். தெரு முனையில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆற்றில் ஏற்றம் வந்தால் சாக்கடை வழியாகத் தெருவுக்குத் தண்ணீர் வருவதுண்டு, அது ஊரறிந்த விஷயம். கேப்டனின் குடை வராந்தாவில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. வெயிலுக்குப் பயந்த மனிதர் போலிருக்கிறது. ஜுராந்திரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

கிரெயுசாவின் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து வராந்தா பளிச்சென்று தெரியும்.

"வாங்கண்ணே. சட்டையெல்லாம் பலமா இருக்கு. ஒரு கிண்ணம் ஊத்தட்டா?"

"ஊத்து."

"கீரை தூக்கலா போடறேன். தைரியம் வரும்."

சுரைக் குடுக்கையில் மஞ்சள் சாறு ஆவி பறக்க வந்தது. அதில் உலர்ந்த இறால், பசை மாதிரி மாவு, மேலே ஜம்பூ கீரை. அந்தக் கீரையை மென்றால் உதடு மரத்துப்போகும். ஒரு கிண்ணத்துக்கு உதடு மட்டும், இரண்டு கிண்ணத்துக்கு நாக்கும் சேர்த்து. அவர் மென்றுகொண்டே வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் கூட இல்லை. மதியம் அப்படியே நின்றுபோய், ஊர் முழுவதும் ஒரு பெரிய தூளியில் படுத்து ஆடுவது போலிருந்தது.

எதிரே கேப்டன் ஏதோ சொன்னார். லிந்தால்வா சிரித்தாள்.

"இன்னொரு கிண்ணம்," என்றார் ஜுராந்திர்.

கிரெயுசா ஊற்றிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "போங்களேண்ணே. எதுக்கு இங்கயே உக்காந்திருக்கீங்க?"

"நேரம் வரணும்."

"எந்த நேரம்?"

"நேரம்னா நேரம். உனக்குப் புரியாது, விடு."

கிரெயுசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆம்பளைக்குப் பயம் வந்தால் இப்படித்தான் பேசுவார்கள் என்பது அவளுடைய அனுபவம். இறாலை உரிக்கப் போய்விட்டாள்.

லிந்தால்வாவின் பக்கத்து வீட்டு மாடியில் செனில்டோ ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு மீன் கூடைகளை அலசிக்கொண்டிருந்தான். ஜுராந்திருக்கு ஒரு யோசனை வந்தது. வானம் பெய்யாவிட்டால் என்ன? அந்தக் கூரையில் நாலு சொட்டு விழுந்தால் போதும், மழை வந்துவிட்டதென்று கேப்டன் எழுந்து போய்விடுவார்.

பின்பக்கச் சந்து வழியாக மாடிக்கு அடியில் போய் நின்றார்.

"செனில்டோ, அந்தம்மா கூரை மேல கொஞ்சம் தண்ணி அடிப்பா."

"எதுக்குண்ணே?"

"ஓடு சூடா இருக்குமில்ல, அதான்."

"இன்னிக்கா?"

"அடிப்பான்னா."

வானொலியில் பேசுகிறவர் காரணம் இல்லாமல் சொல்ல மாட்டார் என்று செனில்டோ குழாயைத் திருப்பினான். ஓட்டில் தண்ணீர் சடசடவென்று விழுந்து இறவாணத்திலிருந்து சொட்டியது. கேப்டன் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். பளீரென்று அடிக்கிற வெயிலைப் பார்த்தார். லிந்தால்வா எழுந்து நாற்காலியை இழுத்தாள்.

"என்னது, மறுபடியுமா? உள்ள வாங்க கேப்டன், நனையாதீங்க."

அவள் சொன்னது குழாய்ச் சத்தத்தில் ஜுராந்திருக்குக் காதில் விழவில்லை. கண்ணால் பார்த்தது போதுமானதாக இருந்தது. இதுவரை வராந்தாவில் இருந்த கேப்டன் இப்போது கூடத்துக்குள் போய்விட்டார். அதுவும் ஜுராந்திரின் சொந்த ஏற்பாட்டில்.

அவர் பதறிப்போய்த் தெருவுக்கு ஓடி வந்தார். மேலே கையைக் காட்டி, "போதும், நிறுத்து," என்று கத்தினார். இரண்டு கிண்ணம் கீரைக்குப் பிறகு அது வாயிலிருந்து எப்படி வெளியே வந்ததோ, செனில்டோவுக்கு வேறு விதமாகப் பட்டது. அண்ணனுக்குப் புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, குழாயை அவர் மேலேயே திருப்பினான்.

சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தலைக்குத் தடவிய எண்ணெய் கண்ணில் இறங்கியது. தெருவில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லிந்தால்வா ஜன்னலைத் திறந்தாள். ஜன்னலின் ஒரு பாதியில் அவள் முகம், மறு பாதியில் கேப்டனின் தொப்பி.

"ஜுராந்திர், அங்க என்ன பண்றீங்க?"

இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. மழை வரட்டும், வந்ததும் வருகிறேன், அதுவரை எதையும் முடிவு செய்துவிடாதே, உன் குரல் இல்லாத வீட்டுக்கு என்னால் திரும்பிப் போக முடியாது என்று சொல்ல நினைத்தார். நாக்கு கட்டை மாதிரி கிடந்தது.

"ம்ம்ழ... வ்வ்வ..." என்றார்.

லிந்தால்வா கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் தோளைக் குலுக்கினார். ஜன்னல் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஜுராந்திர் பெஞ்சுக்குத் திரும்பி வந்தார். கிரெயுசா ஒரு துண்டைக் கொடுத்து, இன்னொரு கிண்ணத்தையும் வைத்தாள். குடிக்கவும் தோன்றவில்லை, எழுந்து போகவும் தோன்றவில்லை. கூரை உலர்ந்ததும் எதிரே இரண்டு நாற்காலிகளும் மறுபடி வராந்தாவுக்கு வந்தன. இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அவர்கள் பேச்சு வரவரக் குறைந்து, தெருவைப் பார்ப்பது அதிகமானது. பேசித் தீர்ந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் இப்படித்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சட்டை உடம்பிலேயே காய்ந்தது. கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு மாமரத்தில் வந்து அடைந்தது. வெயில் பொன்னிறமாகி, ரோஜா நிறமாகி, ஆற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மழை மட்டும் வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேப்டன் எழுந்தார். குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, லிந்தால்வாவிடம் தொப்பியைத் தொட்டு விடை பெற்றார். பிறகு தெருவைத் தாண்டி நேராக ஜுராந்திரிடம் வந்தார்.

ஜுராந்திர் எழுந்து நின்றார். தோற்றாலும் மரியாதை மரியாதைதான்.

கேப்டன் அவர் தோளில் கனமான கையை வைத்தார்.

"நாப்பது வருஷம் ஆத்துல ஓடியிருக்கேன்யா. எத்தனையோ விதமான ஆளுங்களப் பாத்திருக்கேன். உன்ன மாதிரி ஒருத்தன பாத்ததே இல்ல."

ஜெயித்தவன் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று ஜுராந்திர் தலையைக் குனிந்துகொண்டார். கேப்டன் பெருமூச்சு விட்டபடி இருட்டுகிற தெருவில் நடந்து போனார்.

வராந்தாவில் லிந்தால்வா உள்ளே போய்விட்டாள். இரண்டு நாற்காலிகளையும் எடுக்கவில்லை, விளக்கையும் அணைக்கவில்லை. சந்தோஷத்தில் மறந்திருப்பாள்.

உதட்டுக்கு இப்போதுதான் உணர்வு திரும்பியிருந்தது. "என் தலையெழுத்தப் பாரு கிரெயுசா," என்றார் ஜுராந்திர். "இந்த ஊர்ல தினம் தினம் பெய்யிற மழை, இன்னிக்கு ஒரே ஒரு நாள் பெய்யல. பெஞ்சிருந்தா நான் எழுந்து அந்த வாசலுக்குப் போயிருப்பேன். அந்தம்மா மழைக்கு அப்புறம்தானே வரச் சொன்னாங்க?"

கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த கிரெயுசா கையை அப்படியே நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். எதிர் வராந்தாவில் எரிகிற விளக்கைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணே, நீங்க மத்தியானம் தூங்கறப்பவே மழை கொட்டித் தீத்துட்டுப் போயிடுச்சே, கேப்டன்கிட்ட அந்தம்மா அதுக்கு முன்னாலயே முடியாதுன்னு சொல்லிட்டாங்க, தனியா உக்காந்து உங்களுக்காகத் தெருவையே பாத்துக்கிட்டிருந்தா ஊரு சிரிக்குமேன்னுதான் இத்தன நேரமும் அவரத் தொணைக்கு உக்கார வெச்சிருந்தாங்க."