இரண்டே ஸீட்டுள்ள இத்தாலிக் கார்

உத்திரமேரூர் வட்டாரத்துக்குச் சமத்துவம் எப்போது வந்தது என்று நாளைக்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் குழம்பக் கூடாது. அது 1959-ஆம் வருஷம், லாரியில் வந்தது. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, இத்தாலி தேசத்துத் தயாரிப்பு.

வரவழைத்தவர் சாலவாக்கம் மிராசுதார் பஞ்சாட்சரம். சென்னையில் ஒரு கம்பெனி துரை சொந்த ஊருக்குக் கப்பலேறும் முன், "உயர்ரகக் கார், ரசிகர்களுக்கு மட்டும்" என்று இங்கிலீஷ் பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தார். எதற்கு ரசிகர் என்று போடவில்லை. மிராசுதார் எல்லாவற்றுக்கும் ரசிகர். படத்தைப் பார்த்தே வாங்கிவிட்டார். படத்தில் மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தை மாதம் உத்திரமேரூரில் "சமத்துவ விழா". கலெக்டர் வருகிறார், தலைமை உரை மிராசுதாருடையது. சமத்துவத்தைப் பற்றிப் பேசப் போகிறவர் எல்லோரையும் போல பஸ்ஸில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்?

எல்லப்பனுக்கும் அந்த விழா முக்கியம். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன்; இப்போது மிராசுதாரின் புது டிரைவர். அவன் குடிசை மட்டுமல்ல, சேரி முழுவதுமே மிராசுதார் நிலத்தில்தான் நின்றது. 'போடா' என்று ஒரு வார்த்தை வந்தால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். விழா மேடையில் மிராசுதார் கலெக்டர் முன்னால் சம்மதம் சொன்னால் எல்லப்பன் பேருக்கு வீட்டுமனைப் பட்டா கிடைக்கும். அவன் மனைவி சிட்டம்மாள், புது மனையில் நடுவதற்கு ஒரு முருங்கைக் கிளையை வெட்டி, நுனியில் சாணம் அப்பி, நிழலில் சாய்த்தே வைத்துவிட்டாள்.

காரை லாரியிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே இரண்டே ஸீட். பக்கம் பக்கமாக, ஒரே உயரத்தில். பின்னால் ஒரு பெட்டி வைக்க மட்டும் இடம்.

"இன்னாடா இது? டிரைவர் இங்க. நான்?" என்றார் மிராசுதார்.

"பக்கத்துல, ஆண்டே."

"யார் பக்கத்துல?"

இத்தாலிக்காரன் செய்த தப்புக்கு எல்லப்பன் தலையைச் சொறிந்தான்.

உடனே நெற்களத்தில் "உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்" கூடியது. கணக்குப்பிள்ளை ராஜாராம் முதல் திட்டத்தை முன்மொழிந்தார்: முதலாளி ஸீட்டைத் தலையணை அடுக்கி உயர்த்துவது. மிராசுதார் தலையணைகள் மேல் ஏறினார். கூரை இடித்துக் கழுத்து மடங்கியது. காலியாக இருந்த டிரைவர் ஸீட்டுக்கு அவர் கும்பிடு போடுவது போலிருந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டாவது திட்டம், டிரைவரைத் தாழ்த்துவது. டிரைவர் ஸீட்டைக் கழற்றிவிட்டு எல்லப்பனைத் தரையில் உட்கார வைத்தார்கள். தாழ உட்காருவது அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் ரோடு தெரியவில்லை. கார் நேராக வைக்கோல் போருக்குள் புகுந்தது. ஸீட்டைத் திரும்பப் பொருத்தினார்கள்.

"நீங்களே ஓட்டுங்க ஆண்டே. நான் பக்கத்துல குந்திக்கினு கத்துத் தரேன்" என்றான் எல்லப்பன்.

"நான் ஓட்டுனா நான் டிரைவர். பக்கத்துல நீ உக்காந்தா நீ முதலாளி. எங்கடா போவுது உன் புத்தி?"

கூட்டம் இந்தத் தர்க்கத்தை வெகுவாகப் பாராட்டியது. மேற்கொண்டு வழி தெரியாமல் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, மோர் கொண்டுவந்த மிராசுதாரின் மனைவி சுலோச்சனா, "அவ்ளோ கஷ்டம்னா மாட்டத்தான் பூட்டணும்" என்று சலித்துக்கொண்டாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விழா அன்று காலை, சிவப்புக் காரின் முன்னால் இரண்டு காளைகளைப் பூட்டி ராஜாராம் ஓட்டிப் போனார். மிராசுதார் தம் ஸீட்டில் தனியாக வீற்றிருந்தார். எல்லப்பன் வெளியே நடந்தபடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே வந்தான். காற்றாய்ப் பறக்கும் வண்டி என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. காளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

பஸ் ஒன்று தாண்டிப் போனது. பிறகு சைக்கிள்கள் தாண்டின. கடைசியில் விழாவுக்குப் போகும் சேரி ஜனங்கள் கால்நடையாகவே தாண்டிப் போனார்கள். வெயில் ஏறிவிட்டது. எல்லப்பன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"ஆண்டே, கலெக்டரு பூடுவாரு. ஒரே ஒரு வாட்டி நான் குந்தி ஓட்டறேன். வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள சேத்துடுவேன். நீங்க கண்ண மூடிக்கினு வாங்க."

"நான் மூடிக்கலாம்டா. ஊரு மூடிக்குமா?"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். சம்மதம் சொல்ல ஆளில்லாததால் எல்லப்பனின் பட்டா, காகிதக் கட்டோடு திரும்பிப் போய்விட்டது. மிராசுதார் அசரவில்லை. மூங்கில் அவிழ்க்கிறவர்களுக்கு முன்னால் தலைமை உரையை ஒரு வரி விடாமல் நிகழ்த்தினார். "பிறப்பில் உயர்வு தாழ்வு இல்லை! நாம் அனைவரும் அருகருகே அமரும் நாளே நன்னாள்!" ஜமக்காளம் சுருட்டியவர்கள் கை தட்டினார்கள்.

எல்லப்பன் கை தட்டவில்லை. சிட்டம்மாளிடம் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பட்டா எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் மிராசுதார், காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு.

முருங்கைக் கிளை காய்ந்து அடுப்புக்குப் போன வாரத்தில், மிராசுதார் காரை விற்கத் தீர்மானித்தார். எல்லப்பன் காரின் மூக்கில் ஒட்டியிருந்த மாட்டுச் சாணத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ராஜாராம் விளம்பரம் எழுதினார்.

"ரசிகர்களுக்கு மட்டும்னு போடு" என்றார் மிராசுதார். "இத்தாலிக் கார். நாங்க வாங்குனப்புறம் டிரைவர் ஸீட்ல ஒரு மனுஷனும் உக்காந்ததில்ல. அதையும் போடு."

"விக்கறதுக்குக் காரணம் கேப்பாங்களே. இன்னா எழுதறது?" என்றார் ராஜாராம்.

மிராசுதார் யோசித்தார். எல்லப்பன் கந்தைத் துணியைப் பிழிந்து உதறிவிட்டு நிமிர்ந்தான்.

"மாட்டுக்குப் பின்னால குந்திக்கினு போனா கௌரவம், மனுசன் பக்கத்துல குந்துனா கேவலம். இந்த ஊருக்கு இது ஆவாத வண்டின்னு எய்துங்க."