ஸ்டிரிங்கர் அளந்த தூரம்

செய்தியை வாசிப்பவர்கள் உண்டு, கேட்பவர்கள் உண்டு. நூலைப் போட்டு அளந்து பார்ப்பவர் பூமியிலேயே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இருக்கிறார். சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. ஸ்டிரிங்கர் என்றால் தெருநாய்கூட வழிகாட்டும்.

ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டே பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர். நான் ஐந்தாம் வகுப்போடு நூல் மில்லுக்குப் போனவள். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்க எனக்கு நாலு வருஷம் கூச்சம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நல்லாக் கேட்ட தங்கச்சி! ஸ்டிரிங்னா நூலு. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் ஊருல மாசச் சம்பளம் இல்லாத நிருபர் எழுதுனது எம்புட்டு நீளம் அச்சாயிருக்குன்னு நூல வச்சு அளப்பாகளாம். அதுக்குத் தக்கன கூலி. அப்படி வந்த பேருன்னு சொல்லுதாக. எங்க ஆபீஸ்ல அளக்கிறதில்ல. அதுக்காக நாம விட்ர முடியுமா?"

அன்றிலிருந்து மில்லில் கழிகிற நூலை அவருக்கு நான்தான் கொடுத்தேன். காலையில் பேப்பரை விரித்து அளந்து முடிச்சுப் போடுவார். தளவாய்புரத்தில் கிணற்றில் விழுந்த ஆடு ஒரு சாண். அதே ஆட்டை மேலே தூக்கியது இன்னொரு சாண்.

பேப்பர் போனில் வர ஆரம்பித்ததும் போன்மேல் நூலை வைத்தார். எழுத்து பொடியாக இருக்கிறதே என்று இரண்டு விரலால் விரித்தார். தள்ளித் தள்ளி அளந்ததில் செய்தி ஒரு முழம் வந்தது. "ஏட்டி, ஆபீஸ்ல இப்பத்தான் என் அருமை தெரிஞ்சிருக்கு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து இரண்டு விரலால் அதைச் சுருக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம்தான் தேவதானம் பஸ் எங்கள் மில் வாசலில் நிற்காமல் அடுத்த நிறுத்தத்தில் போய் நிற்க ஆரம்பித்தது. நாங்கள் திரும்பி நடந்து வருவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மூன்று நாள் பிந்தினால் வேலை கிடையாது என்றார் மேஸ்திரி. எனக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஆபீசில் மனு கொடுத்தோம். "நூறு மீட்டர்தானம்மா, நடந்தா உடம்புக்கு நல்லது" என்றார் அதிகாரி.

கேள்விப்பட்ட ஸ்டிரிங்கர் மறுநாளே நூல்கண்டோடு வந்தார். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, "விட்றாத தங்கச்சி" என்று மில்லை நோக்கி நடந்தார்.

லாரிக்காரன் கத்தினான். "ஏலே, நடுரோட்டுல பட்டமா விடுத?"

"செய்தி எழுதுதேன், ஓரமாப் போலே!"

அந்த நூலைச் சுருட்டிக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்தார். "ஐயா, உங்க நூறு மீட்டரு இதுதான். அளந்து பாத்துக்கோங்க."

பியூன் டேப்போடு உட்கார்ந்தார். அறுநூறைத் தாண்டியதும் அதிகாரி, "போதும்" என்றார்.

மறுநாள் பேப்பரில் நாலே வரி. "என்ன அண்ணாச்சி, ஆட்டுக்கு ஒரு சாணு, எங்களுக்கு இம்புட்டுதானா?" என்று மில் பெண்கள் கேலி செய்தார்கள். ஸ்டிரிங்கர் அன்று அளக்கவே இல்லை. "பஸ் நிக்குதான்னு மொதல்ல பாப்போம். பொறவு பேசலாம்."

திங்கட்கிழமை அவரும் எங்களோடு பஸ் ஏறினார். மில் வாசலில் பஸ் நின்றது. கேட் திறந்தே இருந்தது.

"யாரும்மா இவரு? பஸ் நின்னதுக்குப் போயி கண்ணத் தொடைக்காரு?" என்றார் கண்டக்டர்.

பேச்சுக் கொடுக்க வேண்டாமென்றே சரியான சில்லறையை நீட்டுகிறவள் நான்.

"அவிய எங்க ஸ்டிரிங்கர்!"

கண்டக்டருக்கு மட்டும் சொன்னதாகத்தான் நினைத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.