இல்லை என்று சொல்லத் தெரியாத அலமாரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நலம். அங்கும் நலம்தான் என்று நம்புகிறேன். விசாரிக்காமல் நம்புவது சரியா என்று தெரியவில்லை.

எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சாவி அலமாரிக்கு நான் கணினி நிரல் எழுதுவது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றுச் சாவி. “கணினி மொழியோடு வர்ற பட்டியலுக்குச் சதுர அடைப்புக்குறி தானா வேலை செய்யும் மாமா, நாமளா உண்டாக்குற வகைக்கு நாமதான் எழுதணும்” என்று நீங்கள் சொன்னபடி, ‘அலமாரி’ என்றொரு வகை உண்டாக்கி, அலமாரி[5] என்றால் ஐந்தாம் வீட்டுப் பெட்டி திறக்கும்படி எழுதினேன். நான்கு முறை சரிபார்த்தேன். இல்லாத எண் வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் சறுக்கிவிட்டேன். பிழை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல மனம் வரவில்லை. மரியாதைக்கு, பக்கத்து எண்ணின் பெட்டியைத் திறக்கும்படி எழுதிவிட்டேன்.

மொட்டைமாடியில் புதிதாகக் கட்டிய பதின்மூன்றாம் வீட்டுக்கு ஒரு டிரம்ஸ்காரர் குடிவந்தார். பதின்மூன்று என்று அழுத்தினார், பன்னிரண்டு திறந்தது. சாவி எந்தக் கதவைத் திறக்கிறதோ அதுதானே வீடு என்று, பன்னிரண்டில் இருக்கும் பல் மருத்துவரின் கூடத்தில் டிரம்ஸைப் பரப்பிவிட்டார். மாலையில் மருத்துவர் வந்து, “யாருங்க நீங்க?” என்றிருக்கிறார். “நீங்க யாருங்க? பெல் அடிச்சிட்டு வரமாட்டீங்களா?” என்றாராம் டிரம்ஸ்காரர்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் அலமாரியை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற பின் என்னை நம்பி ஒருவர் தந்த ஒரே பொறுப்பு அது. உங்கள் மாமியாரோ, “வாசல்ல வந்து விக்கிறவங்களுக்கே இவர் வேண்டாம்னு சொன்னதில்ல, வீட்ல நாலு மிக்ஸி இருக்கு. இவர் எழுதினது மட்டும் எப்படிச் சொல்லும்?” என்கிறாள். ஆகவே, கண்ணியமாக, ஆனால் உறுதியாக ‘இல்லை’ என்று சொல்லும் வரிகளை உடனே எழுதி அனுப்புங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். மகளிடம் நான் பயந்தேன் என்று சொல்ல வேண்டாம். யோசித்தேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மாமா

பி.கு.: அந்த வரிகள் வேண்டாம். நானே எழுதிவிட்டேன். டிரம்ஸ்காரருக்கும் ஒரு பெட்டி வேண்டுமே என்று நம் பெட்டியை அவருக்கு ஒதுக்கி, நம் எண்ணை நீக்கி, நம் மாற்றுச் சாவியை வீட்டுக்குள் மேசைமேல் பத்திரமாக வைத்தேன். புது வரிகள் வேலை செய்வதைக் காட்டுவதற்காக உங்கள் மாமியாரைக் கீழே அழைத்து வந்தேன். மேலே நம் வீட்டுக் கதவு காற்றில் சாத்திப் பூட்டிக்கொண்டது. நம் எண்ணை அழுத்தினேன். ‘இல்லை’ என்றது, மிக உறுதியாக. இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். “பழைய அலமாரியா இருந்தா யார் வீட்டுலயாவது உக்காந்திருப்போம்” என்கிறாள் உங்கள் மாமியார். பழையபடி மாற்றும் வரிகளை அனுப்புங்கள்.