லுவாந்தெல் ஓம்: ஒரு கோட்டின் சைவ வரலாறு

ஹரோ, லண்டன்
12.09.2009

மதிப்புக்குரிய யேசுதாசன் அத்தானுக்கு,

இங்கே நாங்கள் நல்ல சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போனில் அப்படிக் கத்துகிற மனுசனுக்கு நெஞ்சில் ஒரு குறையும் இருக்க வழியில்லை.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பாரிசில் நீங்கள் வேலை செய்யும் லுவாந்தெல் கொம்பனியின் கோட்டு ஒன்றைத் தந்தீர்களே, அதற்குள் என்னை இறக்க என்ர மனுசி லூர்தம்மா முதுகில் முழங்காலை வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தில்தான் எங்கட மகள் பிறேமினிக்குக் கலியாணம் பேச விம்பிள்டனுக்குப் போனோம். அவளும் மிதுலனும் தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் தகப்பன் சம்மதிக்காமல் தாலி கட்டமாட்டேன் என்று பெடியன் ஒரே பிடி. தகப்பன் குகநாதன் பிள்ளையார் கோயில் உபயகாரர். "சேர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டிலை சம்பந்தமெண்டா எங்கட சனம் என்ன சொல்லும்?" என்று அவர் தொடங்க, நான் பெருமூச்சு விட, கோட்டின் பொத்தான் பறந்துபோய் அவருடைய கேசரியில் குந்திவிட்டது.

பொத்தானைத் தைத்துத் தாறன் என்று அவர் மனைவி மாலினி கோட்டை வாங்கினா. லேபலைப் பார்த்து, "லுவாந்தெல் ஹொம்மே?" என்றா. என்ர நாக்குச் சும்மா கிடக்குமோ?

"ஹொம்மே இல்லையுங்கோ. பிரெஞ்சிலை அது ஓம்."

குகநாதன் கரண்டியை வைத்தார். "என்னது, ஓமோ?"

"ஓம்," என்று தலையாட்டினேன்.

"எங்கட ஓமோ?"

அத்தான், நீங்கள் என்றால் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்லுற கதையைத்தான் சொல்லியிருப்பியள். லுவாந்தெல் கிழவன் லியோனிலை ரயில்வே கிளாக்குமாருக்குக் கோட்டுத் தைச்சவன், மகன் பாரிசுக்கு வந்து இடுப்பை ஒடுக்கினவன், பேத்தி பொம்பிளையளின்ர உடுப்பும் தொடங்க, கடைக்காரர் குழம்பாமல் இருக்க 'ஆண்' எண்டு போட்ட சொல்தான் அது. உண்மைதான். அந்த உண்மையோட நாங்கள் வெறுங்கையோட ஹரோவுக்கு ரயில் ஏறியிருப்பம். நான் என்ன சொன்னன்? கிழவன் கப்பலிலை புதுச்சேரிக்கு வந்தவன், ஒரு கோயில் வாசலிலை அந்தச் சத்தத்தைக் கேட்டவன், பிறகு அதை நெஞ்சுப் பக்கம் தைக்காமல் ஒரு கோட்டையும் வெளியிலை விட்டதில்லை எண்டன். கிழவன் மச்சம் மாமிசம் விட்டதையும் சேர்த்தன். அது கொஞ்சம் கூடித்தான் போச்சு.

குகநாதன் லேபலை விரலாலை தடவினார். என்ர கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "வெள்ளைக்காரனே விளங்கிக்கொண்டிட்டான். சரி, தையிலை வைப்பம். காலமை கோயில், பின்னேரம் உங்கட சேர்ச்."

இப்ப நீங்கள் போனிலை கத்துறபடி, நான் கொம்பனியின்ர மானத்தை வாங்கிப்போட்டனாம், குகநாதனிட்டை மன்னிப்புக் கேட்க வேணுமாம். கேட்கமாட்டன். ஒரு எழுத்தையும் திருப்பி எடுக்கமாட்டன். கிழவன் புதுச்சேரிக்கு வரேல்லை எண்டு நீங்கள் நிரூபியுங்கோ பார்ப்பம். உங்கட சரித்திரத்தாலை இவ்வளவு காலமும் ஆருக்காவது கலியாணம் சரிவந்ததோ? என்ர சரித்திரம் ஒரு பின்னேரத்திலை முடிச்சுக் குடுத்தது. தையிலையும் அதே கோட்டைத்தான் போடுவன். நீங்கள் பக்கத்திலை நிண்டு, லேபலிலை என்ன எழுதியிருக்கெண்டு ஆரும் கேட்டால், ஓமெண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்குப் பாவமும் சேராது.

அக்காவுக்கும் பிள்ளையளுக்கும் எங்கட அன்பு. தொலைஞ்சதெல்லாம் தேடித் தாற அந்தோனியார், உங்கட கோபம் தொலைஞ்சால் அதை மட்டும் தேடாமல் விடுவாராக.

அடங்காத மச்சான்,
கிறிஸ்துநாயகம்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போக மாலினி போன் எடுத்தா. மாப்பிள்ளை உடுப்புக்குப் பாரிசுக்குப் போவமாம். "இவருக்கு அங்கை எல்லாம் தெரியும். என்னைக் கட்ட முன்னம் லியோனிலை இருந்தவர், லுவாந்தெல் பக்டரியிலை லேபல் தைச்சவர்."